கரண்டி முடுக்கின் அகலம்

கருக்குவேல்புரத்தில் தேரடிக்குப் பின்னால் இருக்கிற முடுக்குக்கு நகராட்சி வைத்த பெயர் ஒன்று உண்டு, நீல போர்டில் எழுதி மாட்டியும் இருக்கிறார்கள், ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டவர்கள் யாரும் போய்ச் சேர்ந்ததில்லை. இந்த வாசலில் நின்று ஒருத்தி கரண்டியை நீட்டினால் எதிர்வாசலில் நிற்கிறவளின் கிண்ணத்தில் குழம்பு விழும், அவ்வளவுதான் அகலம் என்பதால் ஊருக்கு அது கரண்டி முடுக்கு. பக்கத்துக்கு ஆறு வீடுகள், நடுவில் ஒரு சாக்கடை, சைக்கிளில் வருகிறவர்கள் இறங்கி உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும், பீரோ வாங்கியவர்கள் அதைப் பிணம் மாதிரி ஒருச்சாய்த்துத் தூக்கிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். பிற்பாடு அந்த முடுக்கு ஒன்றேகால் கிலோமீட்டர் அகலமாகி, அதற்குள் சந்தை கூடி, ஷேர் ஆட்டோ ஓடி, சிலர் கடலை போட்டுப் பிடுங்கிய காலத்திலும் அதன் பெயர் கரண்டி முடுக்காகத்தான் இருந்தது.

முடுக்கின் சரியான அளவு செண்பகவடிவுக்கு மட்டும்தான் தெரியும். அவள் ரவிக்கை தைக்கிறவள், கழுத்தில் தாலியும் இஞ்ச் டேப்பும் இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. ஒருநாள் வேலை இல்லாத நேரத்தில் தன் வாசற்படியிலிருந்து எதிர்வீட்டு ஆவுடைத்தங்கத்தின் வாசற்படி வரைக்கும் டேப்பைப் பிடித்துப் பார்த்தாள், நாற்பத்தெட்டு அங்குலம் இருந்தது, கறிக்கடைக்காரர் சம்சாரத்தின் இடுப்பளவும் அதுவே என்பதால் மறக்கவில்லை.

வடிவு துணி வெட்டும்போது யோசிக்க மாட்டாள். சாக்பீஸால் ஒரு கோடு, கத்தரிக்கோலால் ஒரு இழுப்பு, அவ்வளவுதான், இத்தனை வருஷத்தில் ஒரு துணிகூட அவள் கையில் கெட்டதில்லை. கத்தரிக்கோலைக் கீழே வைத்த பிறகுதான் அவளுக்கு ஆரம்பிக்கும். தபால்காரர் போகிறபோக்கில் சாப்பிட்டாச்சா என்று கேட்டுவிட்டுப் போவார், அவர் ஏன் இன்றைக்குக் கேட்டார், நேற்று ஏன் கேட்கவில்லை, முகம் வாடியிருந்ததா, வாடியிருந்தால் வீட்டில் சண்டை என்று நினைத்திருப்பாரோ, அதைப் போய் யாரிடம் சொல்லுவாரோ என்று சாயங்காலம் விளக்கு வைக்கிறவரைக்கும் ஓடிக்கொண்டிருக்கும். பஸ் ஏறப் போனால் பூட்டை இழுத்துப் பார்க்க மூன்று தடவை திரும்பி வருவாள், மூன்றாவது தடவை வரும்போது பஸ் போயிருக்கும். புருஷன் நம்பிராசன் மாவு மில்லில் வேலை பார்க்கிறவன், தலை முதல் கால் வரை வெள்ளையாக வந்து நின்று, அடுத்த பஸ்ஸுக்குப் போய்க்கிடலாம்டி என்று சொல்லுவானே தவிரக் கோபப்பட மாட்டான்.

எதிர்வீட்டு ஆவுடை சத்துணவுக்கூடத்தில் முப்பது வருஷம் சமைத்து ஓய்வு பெற்றவள். புருஷன் இல்லை, ஒரே மகன் கோயம்புத்தூரில் இருந்தான். இருநூறு பிள்ளைகளுக்குச் சமைத்த கை ஒரு ஆளுக்கு அடங்காது என்பதால் தினமும் ஏதாவது ஒன்று முடுக்கைத் தாண்டி வடிவு வீட்டுக்கு வந்துவிடும். வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தருகிற வழக்கம் அந்த ஊரில் கிடையாது. ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சீனி, இரண்டு முருங்கைக்காய், நாலு கறிவேப்பிலை இணுக்காவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும். இப்படிக் கொடுப்பதும் திருப்புவதுமாக இருபது வருஷம் ஓடியதில் எந்தப் பாத்திரம் யாருடையது என்பதே இரண்டு பேருக்கும் மறந்துபோய், கடைசியில் ஆளுக்கு ஆள் பெயர் வெட்டி வைத்துக்கொண்டார்கள்.

ஆவணி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஆவுடை தன் வாசலிலிருந்து ஒரு தூக்குவாளியை நீட்டினாள். உள்ளே உளுந்தங்களி, கருப்பட்டி வாசம் மூடியைத் தாண்டி வந்தது. என்னட்டி விசேஷம் என்று வடிவு கேட்டாள். ஆவுடை பதில் சொல்லவில்லை, சிரிக்கவும் இல்லை, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

களி நன்றாக இருந்தது. ஆனால் வடிவு இரண்டு வாய்க்குமேல் தின்னவில்லை. ஏன் பேசவில்லை, போன வாரம் ரவிக்கைக்கு அளவெடுக்கும்போது கை சதை போட்டிருக்குட்டி என்று சொன்னோமே அதை மனசில் வைத்திருக்கிறாளா, இல்லை அதற்கு முந்தின வாரம் கொடுத்த புளிக்குழம்பில் உப்பு கூடிப்போனதா, கூடியிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பாளே, சொல்லாமல் வைத்திருந்து இன்றைக்குக் காட்டுகிறாளா, கோபம் என்றால் களி எதற்கு, களி கிண்டினவளுக்குப் பேச மட்டும் என்ன வலிக்கிறது என்று அவள் தூக்குவாளியைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில் கோலம் போட இறங்கினபோது எதிர்வாசல் ஒரு சாண் தள்ளியிருந்தது. டேப்பை வைத்துப் பார்த்தாள். ஐம்பத்தேழு அங்குலம்.

அந்த ஒன்பது அங்குலம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஆவுடை வீட்டுக்குப் பின்னால் இருந்த குளத்துக்கரை இருந்த இடத்திலேயே இருந்தது, வடிவு வீட்டுக்குப் பின்னால் இருந்த தேரடியும் இருந்த இடத்திலேயே இருந்தது, இரண்டுக்கும் நடுவில் முடுக்கு மட்டும் அகலமாகியிருந்தது. கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்த்துவிட்டுப் பதிவேட்டில் புதிதாகத் தோன்றியது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். முடுக்கில் இருந்தவர்களுக்கு முதலில் சந்தோஷம்தான், சைக்கிளை ஓட்டிக்கொண்டே வாசல் வரை வர முடிந்தது.

வடிவுக்கு என்ன கவலை என்றால், தூக்குவாளியில் எதைப் போட்டுத் திருப்புவது என்பதுதான். சீனி போடலாம் என்றால் ஆவுடைக்குச் சர்க்கரை வியாதி, குத்திக் காட்டுகிறாள் என்று நினைப்பாள். அரிசி போட்டால் பிச்சை போட்டது மாதிரி இருக்கும். உப்பைக் கையில் கொடுத்தால் சண்டை வரும், ஏற்கெனவே வந்திருக்கிறதா இல்லையா என்பதே தெரியவில்லை. அதிரசம் சுட்டால் என்னடா இவள் தடபுடல் பண்ணுகிறாள், ஏதோ தப்புப் பண்ணியிருக்கிறாள் போலிருக்கிறது என்று தோன்றும், முருங்கைக்காய் போட்டால் ஆவுடை வீட்டுப் பின்கட்டிலேயே மரம் நிற்கிறது. இப்படி ஒரு வாரம் போனது. ஒரு வாரத்தில் முடுக்கு நாற்பது அடி ஆனது. ஒரு மாதம் ஆகிவிட்ட பிறகு கொடுத்தால், இத்தனை நாள் ஏன் கொடுக்கவில்லை என்ற கேள்விக்கு வேறு பதில் தேட வேண்டியிருந்தது, அந்தத் தேடலிலேயே முந்நூறு அடி ஆகிவிட்டது.

போனில் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். அதையும் செய்து பார்த்தாள். கோபமாட்டி என்று எழுதினாள், கோபம் என்று நாமே ஏன் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று அழித்தாள், நல்லாருக்கியா என்று எழுதினாள், நேரே பார்க்கிற தூரத்தில் இருந்துகொண்டு இப்படிக் கேட்டால் கிண்டல் மாதிரி இருக்குமே என்று அழித்தாள். ஒவ்வொரு அழிப்புக்கும் பத்தடி. நம்பிராசன் தூக்குவாளியை என்னிடம் கொடு, மில்லுக்குப் போகிற வழியில் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்றான். ஆள் விட்டுக் கொடுத்தனுப்புகிற அளவுக்கு ஆகிப்போச்சா என்று அவள் நினைக்க மாட்டாளா என்று வடிவு கேட்டாள். நம்பிராசன் எட்டிப் பார்த்தான், ஆவுடை வீட்டுக் கதவு கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தது.

வடிவு யோசிக்க யோசிக்கத்தான் முடுக்கு அகலமாகிறது என்பதைக் கண்டுபிடித்தவர் கவுன்சிலர் தளவாய். நகராட்சியிலிருந்து வந்த சர்வேயர் ஆவுடை வாசலில் அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்திருந்தார், மறுமுனையைத் தளவாய் வடிவு வாசலில் பிடித்திருந்தார். சும்மா நிற்பானேன் என்று அவர், என்னக்கா, அந்தத் தூக்குவாளியை இன்னும் குடுக்கலையாமே, அவங்க என்ன நெனைச்சிருப்பாங்க என்று கேட்டார். நாடா அவர் கையிலிருந்து உருவிக்கொண்டு ஓடியது. தளவாய் விவரமான ஆள். நாடாவைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்து, ஒருவேளை அவங்க அதைத் தேடிக்கிட்டு இருப்பாங்களோ என்று மறுபடியும் கேட்டார், மறுபடியும் ஓடியது. அன்றைக்கே நடுவில் வெள்ளை அடித்த மனைக்கற்கள் நட்டாகிவிட்டது.

அதன் பிறகு தளவாய் தினமும் காலை பத்து மணிக்கு வடிவு வீட்டுக்கு வந்து ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போனார். ஒருநாள், கோபம் இல்லைன்னா அவங்களா வந்து தூக்குவாளியைக் கேட்டிருப்பாங்கள்லாக்கா என்பார். மறுநாள், கேட்டா நீங்க சங்கடப்படுவீங்கன்னுதான் கேக்காம இருக்காங்களோ என்னமோ என்பார். துணி வெட்டும்போது அவள் யோசிப்பதில்லை, அந்த நேரத்தில் முடுக்கு ஓரங்குலம்கூட நகருவதில்லை என்பதையும் கவனித்துவிட்டு, ஊரில் ரவிக்கைத் துணியோடு வருகிறவர்களை எல்லாம் பஜாரில் இருந்த வேறு கடைக்குத் திருப்பிவிட்டார். வேலை குறைந்தது, யோசனை கூடியது, முடுக்கு கால் கிலோமீட்டரைத் தாண்டியது.

ஊர் அதற்குத் தகுந்த மாதிரி பழகிக்கொண்டது. சாக்கடை மட்டும் அகலமாகாமல் பழைய அளவிலேயே நட்டநடுவில் ஓடிக்கொண்டிருந்தது, அதன் கரையில் மந்திரமூர்த்தி டீக்கடை போட்டார். டீக்கடை வந்ததும் சந்தை வந்தது, சந்தை வந்ததும் மைக்செட் வந்தது. வடிவு வரிசையில் மழை பெய்யும்போது ஆவுடை வரிசையில் வெயில் அடித்தது. ஒரு வரிசைக்காரர்கள் இன்னொரு வரிசைக்காரர்களை அக்கரைக்காரர்கள் என்று சொல்ல ஆரம்பித்து, அக்கரைத் தண்ணி ஒத்துக்காது என்று பெண் எடுக்க யோசித்தார்கள். தபால்காரர் இடது வரிசைத் தபாலைத் திங்கட்கிழமையும் வலது வரிசைத் தபாலைச் செவ்வாய்க்கிழமையும் கொடுத்தார். வடிவின் வாசலிலிருந்து புறப்படுகிற ஷேர் ஆட்டோவில் டிரைவர் ஆவுடை வீடு, ஆவுடை வீடு என்று கூவி ஆள் ஏற்றுவதை வடிவு ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருப்பாள். ஏறி உட்கார்ந்தால் பத்து நிமிஷம். ஏறுவதா வேண்டாமா, ஆட்டோவில் போய் இறங்கினால் விருந்தாளி மாதிரி இருக்காதா என்று யோசித்து முடிப்பதற்குள் பன்னிரண்டு நிமிஷ தூரமாகிவிடும்.

இது வேண்டாம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அவர்கள் ஒரு யோகா மாஸ்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவர் வடிவைக் கண்ணை மூடி உட்காரச் சொல்லி, யோசனைகளை விரட்டாதீர்கள், வந்து போவதைச் சும்மா கவனியுங்கள் என்றார். வடிவு கவனித்தாள். கவனிக்க வேண்டியது ஏராளமாக இருந்தது. அரை மணி நேரம் கழித்து அவர் கண்ணைத் திறந்தபோது முடுக்குக்குள் அவர் வந்திறங்கிய ஸ்டாப்புக்கு ஆட்டோ பிடிக்க வேண்டியிருந்தது. மந்திரமூர்த்தியோ தினமும் ஒரு டம்ளர் டீயைத் தானே கொண்டுவந்து வடிவுக்குக் கொடுத்துவிட்டு, நீங்க யோசிக்கிறதை நிப்பாட்டிட்டா எங்க பொழைப்பு என்னாகும்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கக்கா என்று பணிவாகக் கேட்டுக்கொண்டார். யோசிப்பதை நிறுத்துவதா வேண்டாமா என்று அவள் யோசித்த அந்த ஒரு ராத்திரியில் மட்டும் எண்பது அடி கூடியது, அதில் வாலிபால் மைதானம் போட்டார்கள்.

இத்தனைக்கும் நடுவில் வடிவுக்கு ஆவுடை இல்லாமல் இருக்க முடியவில்லை. அதுதான் விஷயம். குழம்பு கொதிக்கும்போது கை தானாகக் கரண்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போகும், அங்கே வெட்டவெளியும் மனைக்கற்களும் தெரியும், கரண்டியில் இருந்த குழம்பு ஆறிப்போகும். தூக்குவாளியைத் தினமும் கழுவித் துடைத்தாள். அதில் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்த ஆவுடை என்ற பெயர் தேய்ந்துகொண்டே வந்தது.

தை பிறந்து இரண்டாவது வாரம் நம்பிராசன் மில்லிலிருந்து வந்து, முகத்து மாவைக்கூடத் துடைக்காமல் சொன்னான்.

“ஆவுடை வெள்ளிக்கிழமை கோயம்புத்தூருக்குப் போறாளாம். மவன் லாரி அனுப்புதானாம். வீட்டைத் தளவாய் பஸ் ஸ்டாண்டுக்குக் கேட்டிருக்கான். பொட்டக்காட்டைப் பாத்துக்கிட்டு ஒத்தையில கெடக்க வேண்டாம்னு மவன் சொல்லிட்டானாம்.”

வடிவு தையல் மெஷினை நிறுத்தினாள்.

“இனி வரமாட்டாளா?”

“கட்டிலோட போறவ எதுக்கு வரப்போறா” என்று நம்பிராசன் சொல்லிவிட்டு, இருபது வருஷமாக அவள் குழம்பைத்தான் ஊற்றிச் சாப்பிடுகிறேன் என்று மட்டும் சொல்லிக் கைகழுவப் போனான். அழுதானா, கண்ணில் மாவு விழுந்ததா என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் வடிவு ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். பால்பாயசம் வைத்துத் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு போய்க் கொடுத்துவிட வேண்டியது, சர்க்கரை வியாதிக்காரிதான், பரவாயில்லை, வழியனுப்புகிற நாளில் ஒரு மடக்குக் குடிக்கலாம். இரண்டு லிட்டர் பாலை அடுப்பில் வைத்தாள். அந்தப் பக்கம் லாரி வந்து ஆவுடை வாசலை ஒட்டி நின்றுவிட்டது, இங்கிருந்து பார்த்தால் தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. சரியாகப் பத்து மணிக்குத் தளவாய் வந்தார்.

“போறீங்களாக்கா, ரொம்ப நல்லது. ஆனா ஒண்ணு. ஊரை விட்டுப் போற நேரத்துல போய் நிக்கிறீங்க. தூக்குவாளியைக் கணக்குத் தீத்துட்டுப் போன்னு சொல்ல வந்த மாதிரி ஆயிரக் கூடாது பாருங்க.”

வடிவு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். தீப்பெட்டி அளவு லாரி இன்னும் கொஞ்சம் சின்னதானது. கொடுத்தால் கணக்குத் தீர்த்த மாதிரி, கொடுக்காவிட்டால் அமுக்கிக்கொண்ட மாதிரி, பாயசத்தோடு கொடுத்தால் போகிறாள் என்று சந்தோஷப்பட்ட மாதிரி, பாயசம் இல்லாமல் கொடுத்தால்… அப்போதுதான் அடுக்களையிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது, அடுப்பில் பால் விழுந்து சுர்ரென்று பொசுங்குகிற சத்தம்.

அந்தச் சத்தம் கேட்டு யோசித்தவர்கள் கருக்குவேல்புரத்தில் யாரும் இல்லை. வடிவு எழுந்ததும் தெரியாது, ஓடியதும் தெரியாது, முந்தானையால் பாத்திரத்தைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டு மூச்சு வாங்கியபோது அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்தாள், லாரி செங்கல் அளவுக்குத் தெரிந்தது. முன்கண்ணாடி எது என்று சொல்ல முடிந்தது. அப்படியா சங்கதி என்று நினைக்கப்போனாள், நினைக்க ஆரம்பித்ததுமே முன்கண்ணாடி மங்கியது.

அடுத்து அவள் செய்ததை யோசித்துச் செய்தாள் என்று சொல்ல முடியாது, துணியை வெட்டுகிற மாதிரி செய்தாள். பாலை மறுபடியும் அடுப்பில் ஏற்றினாள், தீயைச் சின்னதாக வைத்தாள், கையில் அகப்பட்ட தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கி ஓடினாள். பால் பொங்குவதற்குள் போய்க் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும், அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது. தூக்குவாளி வெறுமனே இருந்தது அவளுக்குத் தெரியவில்லை, காலில் செருப்பு இல்லாதது தெரியவில்லை, கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கியது தெரியவில்லை. பின்னாலிருந்து தளவாய், அக்கா, ஒரு நிமிஷம் யோசிங்க என்று கத்தினார். பால் அடுப்புல இருக்கு என்று அவள் திரும்பாமலே சொன்னாள். அவள் ஒரு எட்டு வைத்தால் பத்து எட்டுத் தூரம் காலடியில் மடங்கியது, வாலிபால் மைதானம் வந்ததும் தெரியாமல் போனது, கடலைக்கொடிகள் சேலையில் உரசிக்கொண்டு போயின, மனைக்கற்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி அடுக்கிக்கொண்டே தளவாய் நின்ற இடத்துக்கு நகர்ந்தன.

மந்திரமூர்த்தி டீக்கடை வரைக்கும் அப்படியே வந்தது. அதற்கு அந்தப் பக்கம் ஓரடிகூட மடங்கவில்லை. நட்டநடுவில் ஓடிய சாக்கடை வடிவின் வாசற்படியைத் தொட்டுவிட்டது, எதிரே அரைக் கிலோமீட்டருக்கு மேல் வெட்டவெளி அப்படியே கிடந்தது. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். மந்திரமூர்த்தி டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு மெதுவாகச் சொன்னார்.

“யக்கா, இது உங்களது இல்ல. இந்தப் பாதி அவங்க யோசிச்சது.”

வடிவுக்கு அப்போதுதான் விளங்கியது. ஐந்து மாதமாக அந்தப் பக்கமும் ஒருத்தி உட்கார்ந்து, ஏன் தூக்குவாளி வரவில்லை, களி பிடிக்கவில்லையா, போனில் இவள் ஏதோ எழுதுகிறாள் என்று காட்டுகிறது, எழுதினது வராமலே மறைந்துபோகிறது, என்னத்தை எழுதி எழுதி அழிக்கிறாள், கேட்டால் தப்பாகிவிடுமோ என்று யோசித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அடி பாவி என்று வடிவுக்கு அழுகை வந்தது. பக்கத்தில் சந்தை மைக் இருந்தது. அதைப் பிடுங்கினாள்.

“ஆவுடை, பால் பொங்குதுட்டி. ஓடியா.”

நாலு திசைக் குழாயிலும் அந்தக் குரல் போனது. முடுக்கின் இரண்டு வரிசையிலும் மற்றப் பத்து வீட்டுப் பெண்களும் அவரவர் அடுக்களைக்கு ஓடினார்கள், அடுப்பில் பாலே வைக்காதவர்கள் உட்பட. ஆவுடை லாரியில் ஏற்ற வைத்திருந்த அம்மியின் மேல் உட்கார்ந்திருந்தவள், எந்தப் பால், யார் வீட்டுப் பால், நாம் எதற்குப் போக வேண்டும் என்று எதுவும் கேட்கவில்லை. முப்பது வருஷம் இருநூறு பிள்ளைகளுக்கு உலை பொங்காமல் பார்த்துக்கொண்டவள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு லாரியின் முன்பக்கமாகச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தாள், வெட்டவெளி அவளுக்கு முன்னால் சுருண்டுகொண்டே வந்தது, சந்தைக் கடைகள் அலுங்காமல் குலுங்காமல் இரண்டாகப் பிரிந்து முடுக்கின் இரண்டு முனைகளுக்கும் ஒதுங்கின, ஏழாவது எட்டில் அவள் வடிவின் கையைப் பிடித்திருந்தாள், பத்தாவது எட்டில் இரண்டு பேரும் வடிவின் அடுக்களையில் இருந்தார்கள். பால் பாத்திரத்தின் விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆவுடைதான் அடுப்பை அணைத்தாள்.

இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. வடிவு கையில் இருந்த தூக்குவாளியை நீட்டினாள். ஆவுடை வாங்கி உள்ளே பார்த்தாள். ஒன்றும் இல்லை. சீனி இல்லை, கறிவேப்பிலை இல்லை. கரண்டி முடுக்கில் ஒருத்தி இன்னொருத்திக்கு வெறும் தூக்குவாளியைத் திருப்பிக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

“அன்னைக்கு ஏம்ட்டி பேசாமப் போன?” என்று வடிவு கேட்டாள். ஐந்து மாதமும் ஒன்றேகால் கிலோமீட்டரும் அந்த ஒரு கேள்விக்குள் இருந்தது, கேட்பதற்கு ஒரு மூச்சுகூட ஆகவில்லை.

“பல்லு புடுங்கியிருந்தேன்” என்றாள் ஆவுடை. “வாயில பஞ்சு. ஒரு மணி நேரம் தொறக்கப்பிடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. மெல்ல முடியாதுன்னுதான் களியே கிண்டுனேன்.” வாயைத் திறந்து காட்டினாள், கடைவாயில் இடம் இருந்தது.

வடிவு அந்த இடத்தை நன்றாகப் பார்த்தாள். பிறகு இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து சிரித்தார்கள், சிரித்து முடித்து அழுதார்கள், அழுது முடித்துப் பாத்திரத்தின் ஓரத்தில் காய்ந்திருந்த பாலேட்டைச் சுரண்டித் தின்றார்கள்.

வெளியே வேறு ஒரு சிக்கல் ஆகியிருந்தது. முடுக்கு பழைய நாற்பத்தெட்டு அங்குலத்துக்குத்தான் போகப் பார்த்தது, நடுவில் லாரி நின்றதால் அதற்குமேல் மடங்க முடியவில்லை. லாரி இரண்டு வரிசைக்கும் நடுவில் முன்னாலும் போகாமல் பின்னாலும் போகாமல் இறுகி நின்றது. ஒரு ஜன்னல் வடிவின் வாசலுக்கு நேராக, இன்னொரு ஜன்னல் ஆவுடையின் வாசலுக்கு நேராக, உள்ளே கோயம்புத்தூர் டிரைவர், பின்னால் ஆவுடையின் கட்டில். கதவைத் திறக்க இடமில்லை. டீக்கடை முடுக்கு முனையில் பஜாரைப் பார்த்தபடி நின்றதால் மந்திரமூர்த்திக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. தளவாய் மட்டும் தன் மனைக்கற்கள் அடுக்கின்மேல் உட்கார்ந்திருந்தார். கடைசியில் அவரும் ஊர்க்காரர்களும் ஜன்னல் வழியாக டிரைவரும் சேர்ந்து வடிவிடம் கெஞ்சினார்கள்.

“ஏனுங்கக்கா, அரை அடி போதுமுங்க. கொஞ்சூண்டு யோசிங்க, வண்டிய எடுத்துக்கறேன்.”

வடிவு பாவம், முயற்சி செய்தாள். வெறும் தூக்கைக் கொடுத்தீங்களே, அவங்க என்ன நெனைச்சிருப்பாங்க என்று தளவாய் எடுத்துக் கொடுத்தார்.

“இங்கதான இருக்கா, அவகிட்டயே கேளுங்க” என்றாள் வடிவு.

ஆவுடையும் நெற்றியைச் சுருக்கிப் பார்த்தாள், அவளுக்கும் வரவில்லை. பிறகு தற்செயலாகத் தூக்குவாளியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மூடி எங்கட்டி என்று கேட்டாள். வடிவின் முகம் மாறியது. மூடி. மூடியை எங்கே வைத்தோம், ஓடும்போது விழுந்ததா, வீட்டிலேயே இருக்கிறதா, தூக்கைக் கொடுத்துவிட்டு மூடியை வைத்துக்கொண்டால்… லாரி கிரீச்சென்று இரண்டு விரற்கடை அசைந்தது. டிரைவர் அவசரமாக இஞ்சினைக் கிளப்பினார். தளவாய் கற்களின்மேல் எழுந்து நின்றார்.

“தெரியல” என்றாள் வடிவு. “கெடைக்கும்போது கெடைக்கட்டும்.”

லாரி மறுபடியும் இறுகிக்கொண்டது. டிரைவர் இஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கின்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

கட்டில் லாரியில் இருந்ததால் ஆவுடை ஊருக்குப் போகவில்லை, பின்கட்டு வழியாக முடுக்கைச் சுற்றித் தன் வீட்டுக்குப் போனாள். அன்று மத்தியானம் வடிவு வீட்டில் கொத்தவரங்காய்ப் புளிக்குழம்பு. கரண்டி இந்த ஜன்னல் வழியாக லாரிக்குள் நுழைந்து, டிரைவரின் மூக்குக்குக் கீழே போய், அந்த ஜன்னல் வழியாக ஆவுடையின் கிண்ணத்துக்கு நீண்டது. உப்பு கொஞ்சம் கூடிப்போச்சுட்டி என்றாள் ஆவுடை. சரி என்றாள் வடிவு. நடுவில் உட்கார்ந்திருந்த டிரைவர் தன் தட்டையும் நீட்டினார்.